டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு மிகுதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரை ஒவ்வொரு சுரப்பியின் பணியையும் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் விதத்தைச் சொல்லாமல் விட்டது பெருங்குறை.

மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி, டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அனுப்பிக் கழுத்திலுள்ள தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்ததும் பிட்யூட்டரி அந்தத் தூண்டலைக் குறைத்துக்கொள்கிறது, தைராக்சின் குறைந்தால் கூட்டுகிறது. தைராய்டு தளரும்போது பரிசோதனை அறிக்கையில் டி.எஸ்.எச். ஏறி நிற்பது இதனால்தான்.

தைராக்சின் மாத்திரை எடுத்துவந்த என் தாயாரின் அறிக்கையில் டி.எஸ்.எச். 14 என்று ஏறியிருந்ததைக் கண்டு, தைராய்டு ஹார்மோன் மிகுந்துவிட்டதாக எண்ணி, அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான். சில வாரங்களில் அவர் முகம் ஊதி, குரல் கரகரத்து, பகலிலும் போர்வையைத் தேடினார். மருத்துவர் விளக்கிய பிறகே என் தவறு புரிந்தது. தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள்கள் ஆகும் என்பதால், பாதிப்பு உடனே வெளியில் தெரிவதில்லை.

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் பிட்யூட்டரியின் ஆணைக்கு உட்பட்டதே. இன்சுலினுக்கோ அந்த ஆணை தேவையில்லை. இரத்தச் சர்க்கரை ஏறுவதைக் கணையமே உணர்ந்து அதைச் சுரக்கிறது. தைராய்டின் பின்புறமுள்ள பாராதைராய்டு சுரப்பியும் அவ்வாறே இரத்தத்திலுள்ள கால்சியத்தின் அளவை நேரடியாக அறிகிறது.

இந்தத் தொடர்புகளை விளக்கும் படத்துடன் மற்றொரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்