காலும் தலையும் கழுவிய வியாழன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிவாரணப் படங்கள் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

2025 மார்ச் 28 அன்று மண்டலேயையும் சகாயிங்கையும் 7.7 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோது, ரங்கூனில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கிலிருந்தும் அரிசி, எண்ணெய், தார்ப்பாய் என்று சேர்த்து அனுப்பினோம். அனுப்பியது சரி. ஆனால் லாரி முன்னால் பேனர் பிடித்துப் படம் எடுக்கவே அரை மணி நேரம் போனது, முதல் வரிசையில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் அங்கே வாங்கினவர்களின் படமும் வந்தது. மூட்டையைப் பிடித்தபடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்ட ஒரு பெரியவர்.

அந்த வருஷம், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைக்கும் பெரிய வியாழனும் பர்மியப் புத்தாண்டும் ஒரே நாளில், ஏப்ரல் 17-ல் வந்தன. புத்தாண்டன்று பர்மிய இளசுகள் வயசானவர்களுக்குத் தலை கழுவி நகம் வெட்டிவிடுவது இங்கே வழக்கம். தயோ மரப்பட்டையும் கின்பூனும் போட்ட தண்ணீர்தான் ஷாம்பு. கின்பூன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய். எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கும் தமிழ்ப் பாட்டியை மூன்றாம் மாடிப் பெண் வந்து கூப்பிட்டாள், அவள் புத்த மதம். பாட்டி கூச்சப்பட்டு வேண்டவே வேண்டாம் என்றார், அவள் விடவில்லை. கரண்ட் இல்லாததால் தண்ணீர் மேலே ஏறவில்லை, கீழேயிருந்து இரண்டு வாளி சுமந்து வந்து, பாட்டியை முக்காலியில் உட்கார வைத்து, கண்ணில் வழியாதபடி ஒரு கையை நெற்றியில் அணை மாதிரி வைத்துக்கொண்டு மறு கையால் ஊற்றினாள். அப்புறம் பாட்டியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து நகம் வெட்டினாள். ஒருவரும் போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் கோவிலில் பாதம் கழுவும் சடங்கு. சாமியார் கால் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர், வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் காலைக் கொண்டுபோனார்! சடங்கைக் குறை சொல்லவில்லை. சீடர் பேதுருவும் நம் பாட்டி மாதிரி முதலில் மாட்டேன் என்றவர்தான், காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலையும் சேர்த்துத்தான் ஆண்டவர் கழுவினார். அதே வியாழனன்று ரோமில் உடம்புக்கு முடியாத பாப்பரசர் பிரான்சிஸ் சிறைச்சாலைக்குப் போய், இந்த வருஷம் கால் கழுவ முடியவில்லை, உங்கள் பக்கத்தில் இருக்கத்தான் வந்தேன் என்றார். திங்கட்கிழமை காலமாகிவிட்டார்.

எனவே, எங்கள் பங்கிலிருந்து இனிமேல் படம் வந்தால் போடாதீர்கள், வாங்குகிறவர் முகம் தெரிகிற படத்தைக் கண்டிப்பாகப் போடாதீர்கள். பாட்டிக்குத் தலை கழுவுவது இப்போது என் வேலை, கரண்ட் வரும் நேரம் பார்த்துப் போகிறேன். முதல் நாளே சீயக்காய் கண்ணில் போய்விட்டது, நன்றாகத் திட்டு வாங்கினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ரங்கூன்