செயலாளர் ஆண்டறிக்கை: இம்முறை ஊரிக்குக் கொஞ்சம் கூடுதலான இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே,

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வடை இருந்த மாதங்களில் வரவு நல்லது. சந்தா விபரம் பொருளாளர் அறிக்கையில் உண்டு. மாரியோடு நட்ட கண்டல் நாற்றுகளில் ஆடு கடித்தது போக மிச்சம் நிற்கின்றன.

அப்புறம் ஊரி. யாழ்ப்பாணத்து அரியாலைக் கரையில் பரவைக்கடல் வற்றிய நேரம் நடந்தால் காலடியில் நொறுங்குகிறதே, அந்தச் சேற்று நத்தைதான். நூல்களில் இதற்குப் பெயர் பிரெனெல்லா சிங்குலாற்றா. பழைய பட்டியல்களில் செரிதிடியா என்று கண்டால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. 3, 4 சென்ரிமீற்றர் நீளம். கூர்ந்த கபில நிற ஓடு, சுற்றுக்குச் சுற்று மணி கோத்த மாதிரி முடிச்சுகள். கையில் எடுத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு வட்ட மூடியால் வாயை அடைத்துவிடும்.

ஈரம் இருக்கும்வரை ஊர்ந்து திரிந்து, சேற்றின் மேல் படிந்த நுண்பாசியையும் உக்கிய துகள்களையும் வழித்துத் தின்னும். வெயிலில் சேறு காய்ந்தால் மூடியை இறுக்கிக்கொண்டு அடுத்த வெள்ளத்துக்குக் காத்துக் கிடக்கும். மாரியில் நன்னீர் கலந்தாலும், சோளகத்தில் உப்பு ஏறினாலும் தாங்கும். செத்தபின் ஓடு துறவி நண்டுக்கு வீடு.

இதை நான் புகழ்வதாக நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் பால்மீன் வளர்க்கும் குளங்களில் இதே ஊரி பெருகி, மீனுக்கு வளர்த்த பாசியைத் தின்று, வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலையிடியானது. எங்கள் பக்கம் மீன் பண்ணை போட நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கட்டும்.

கூட்டத்தில் கூடுதலாகக் கேள்வி வந்தது ஊரிக்குள் ஒட்டி வாழும் புழுவைப் பற்றித்தான். கொக்கு, உள்ளான் போன்றவற்றின் எச்சத்தோடு தட்டைப்புழு முட்டைகள் சேற்றில் விழும். புழு ஊரிக்குள் புகுந்து அதன் இனப்பெருக்க உறுப்பையே பிடித்துக்கொள்ளும். ஊரி உயிரோடு திரியும், முட்டை மட்டும் இடாது. அங்கு பெருகிய குஞ்சுப் புழுக்கள் நீரில் இறங்கி மீனுக்கோ நண்டுக்கோ போகும். அதைப் பறவை தின்றால் வட்டம் பூர்த்தி. முகம் சுழித்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஊரியில் பலவகைப் புழு இருந்தால் அந்தக் கரைக்குப் பறவையும் மீனும் வந்து போகின்றன என்று அர்த்தம். மண் கொட்டி நிரப்பிய கரையில் ஊரியும் இல்லை, புழுவும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

சரி, வேலைக்கு வருகிறேன். பறவைக் கணக்கெடுப்போடு சேர்த்து, வரும் ஆண்டில் மாதம் ஒருமுறை, ஒரே இடங்களில் சதுரச் சட்டம் வைத்து அதற்குள் அகப்படும் ஊரியை எண்ண நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. சட்டம் செய்ய பிவிசி குழாய் மிச்சம் வைத்திருப்பவர்கள் பொருளாளரிடம் ஒப்படைக்கவும். செருப்போடு சேற்றில் இறங்க வேண்டாம், திரும்பக் கிடைக்காது.

செயலாளர்