போன் பெட்டியில் இன்னொரு தேதியும் வேண்டும்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு,

வணக்கம். ஸ்மார்ட்போன் பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், நிறுவனத்தின் முகவரி எல்லாம் அச்சாகி வருகின்றன. உங்கள் சட்டமுறை எடையளவு விதிகள் செய்த நல்ல காரியம் அது. கூடவே, அந்த போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் (திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள்) எந்த மாதம்வரை வரும் என்பதையும் அச்சிட வைக்க வேண்டும்.

கண்ட லிங்கைத் தொடாதே என்று மக்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். சரி, எதையுமே தொடாதவர் என்ன செய்வார்? 2017-இல் பிராட்காம் வைஃபை சிப்பில் வெளிப்பட்ட 'பிராட்பௌன்' ஓட்டை வழியாக உள்ளே நுழைய, வைஃபை ஆனில் இருந்தாலே போதும். ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே மாட்டின. 2023 மார்ச்சில் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடங்களில் (போனை நெட்வொர்க்குடன் இணைக்கும் சிப்) 18 குறைகளை அறிவித்தது. அவற்றில் நான்கு படுமோசம்: போன் நம்பர் தெரிந்தாலே தூரத்திலிருந்து உள்ளே நுழையலாம். நம் கடைகளில் விற்ற எம், ஏ வரிசை போன்கள் சிலவும் பட்டியலில் இருந்தன. அப்டேட் வரும்வரை வைஃபை காலிங்கையும் வோல்ட்இ-யையும் (4ஜி வழியாகப் பேசும் வசதி) அணைத்து வையுங்கள் என்றது அந்தக் குழு. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ-யை அணைத்தால் சாதாரண அழைப்பே போகாது!

ஆக, அப்டேட்தான் ஒரே வழி. சிப் நிறுவனம் ஓட்டையை அடைத்தாலும், போன் நிறுவனம் அதை அந்த மாடலுக்கு அனுப்பினால்தான் நம் கைக்கு வரும். எத்தனை ஆண்டு அனுப்புவோம் என்ற கெடுவைப் பல நிறுவனங்கள் மாடல் அறிமுகமான நாளிலிருந்தே எண்ணுகின்றன. தீபாவளித் தள்ளுபடியில் இரண்டு வருடம் பழைய மாடலை வாங்குபவர், பெட்டியில் போன மாத தயாரிப்புத் தேதியைப் பார்த்துப் புதுசு என்றே நினைப்பார். அதனால் 'நான்கு ஆண்டு அப்டேட்' என்ற விளம்பர வாசகம் போதாது, முடியும் மாதமும் ஆண்டும் வேண்டும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இந்த அப்டேட் காலத்தை நிறுவனங்கள் வெளியிட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விதி இன்னும் கடுமை: மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும். முடியாது என்று நிறுவனங்கள் சொல்ல இடமில்லை. பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு தருவதாக கூகுளும் சாம்சங்குமே அறிவித்தன. பத்தாயிரம் ரூபாய் போனிலும் அதே யுபிஐ-தானே ஓடுகிறது?

அப்புறம் ஒன்று. இந்தத் தேதியை க்யூஆர் கோடுக்குள் ஒளித்துவைக்க அனுமதிக்காதீர்கள். விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர்