ஊக்கு வளையல் செட் வாங்கியவர்களுக்கு

ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும் காரைக்குடியிலிருந்து உங்கள் தையல் சாமான் கடைக்காரனின் வணக்கம்.

கோடை லீவுக்கு ஊக்கு, பாசி, எலாஸ்டிக் நூல் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு விற்றோமே, அந்த வளையல் செட்டைக் கோத்துப் பார்த்த பிள்ளைகளில் நிறையப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள், தாளில் இருக்கிற கண்டாங்கிக் கட்டம் கையில் வரவில்லை, குழம்பிப்போய் நிற்கிறது என்று. பிள்ளைகள் மேல் தப்பில்லை. தப்பு நாங்கள் அடித்துக் கொடுத்த தாளில்.

விஷயம் இதுதான். ஊக்கின் தலை தடிமன், சுருள் இருக்கிற முனை ஒல்லி. எல்லாத் தலையும் ஒரே பக்கம் இருந்தால் வளையல் புனல் மாதிரி விரிந்துவிடும், அதனால் ஒன்று தலை மேலே, அடுத்தது தலை கீழே என்று மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லியிருந்தோம். அது சரி. ஆனால் தலைகீழாக நிற்கப்போகிற ஊக்கில் பாசியையும் தலைகீழ் வரிசையில் கோக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டோம். முதல் ஊக்கில் சிவப்பு மூன்று, மஞ்சள் ஒன்று, கறுப்பு மூன்று என்று போட்டால், இரண்டாவதில் கறுப்பில் தொடங்கிச் சிவப்பில் முடிக்க வேண்டும், அப்போதுதான் திருப்பி வைக்கும்போது சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வரும். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் நிற வரிசை ஒரே மாதிரி இருக்கிற டிசைனுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஆத்தங்குடிக் கல் மாதிரி நடுவில் பூ வைத்த தாளை வாங்கியவர்கள் யாரும் திரும்பி வராததற்கு அதுதான் காரணம் போலிருக்கிறது. நானே ஒரு ராத்திரி மகளோடு உட்கார்ந்து நாற்பது ஊக்கும் கோத்து, அவள் "அப்பா, இது கோணலா வருது" என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. விற்பதற்கு முன்னாலேயே கோத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பாசி தனியாக வாங்குகிறவர்களுக்கு: நம்பர் கூடக் கூடப் பாசி சின்னதாகும். எட்டாம் நம்பர் ஏறக்குறைய 3 மி.மீ., அதுதான் இதற்குச் சரி. பதினொன்றாம் நம்பர் 2 மி.மீ.தான், தடித்த ஊக்குக் கம்பி அதன் துளையில் நுழையாது, பிள்ளை அழுத்திப் பார்த்து விரலில் குத்திக்கொள்ளும்.

எலாஸ்டிக் நூல் இரண்டு வேண்டும். ஒன்று சுருள் துளையும் தலைத் துளையுமாக மாறி மாறி மேல் வரிசையில் போகும், மற்றது அதே மாதிரி கீழ் வரிசையில். பாசி இருக்கிற கம்பி வெளிப்பக்கம், வெறும் கம்பி தோல் பக்கம். கோத்து மூடியதும் தலையைப் பெரியவர்கள் கொறட்டால் ஒரு தடவை நசுக்கிவிடுங்கள், அப்புறம் திறக்காது. மலிவு ஊக்கு சிலதில் தலைத் துளையே இருக்காது, வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிக்கல் பூச்சு சிலருக்கு அரிக்கும், அவர்களுக்குப் பித்தளை ஊக்கு தருகிறோம். எட்டு வயதுக்குக் கீழே தனியாக விடாதீர்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பாசியைத் தரையில் கொட்டவே கொட்டாதீர்கள்.

நூல் நுழைகிற அந்தச் சுருள் எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த ஸ்பிரிங்தான் கம்பியை வெளியே தள்ளித் தலைக்குள் இறுக்கி நிறுத்துகிறது. அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் 1849-இல் இதற்குக் காப்புரிமை வாங்கி, 400 டாலருக்கு விற்றுவிட்டார். எல்லாம் ஒரு சின்னக் கடனை அடைக்க. நம்மூர்ப் பக்கம் யாரிடமாவது யோசனை கேட்டிருந்தால் வட்டி கட்டியாவது வைத்திருக்கச் சொல்லியிருப்பார்கள்.

சரி, திருத்திய தாள் தயார். பழைய தாளையோ குழம்பிப்போன வளையலையோ கொண்டு வாருங்கள், புதுத் தாள் சும்மா தருகிறோம், அறுந்த எலாஸ்டிக்குக்கும் காசு வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதானால் திங்கட்கிழமை வேண்டாம், சந்தைக் கூட்டத்தில் உட்கார்ந்து சொல்லித்தர முடியாது.