ரிமோட்டுக்குள் ஒளித்து வைத்த பக்கம்

மன்னார்குடி,
மாசி மாதம்

அன்புள்ள கலியபெருமாளுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் நலம் என்று சின்னவன் சொன்னான். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டாயாம். அதை மீண்டும் தொடங்கு. தாளடி அறுப்பு நடக்கிறது, தை கடைசி மழையில் சாய்ந்தது போக மீதி தேறும். இவ்வளவுதான் ஊர்ச் செய்தி. இந்தக் கடிதம் வேறொன்றைச் சொல்வதற்காக எழுதுவது. அதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

நீடாமங்கலத்து அக்கா வீட்டு டிஷ்ஷை நீ பார்த்திருக்கிறாய். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்ததற்குப் பிறகு திரும்ப மாட்டிய டிஷ் அது. நல்ல வெயிலில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். தூறல் விழுந்ததும் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு கறுப்பாகிவிடும். வந்து பார்த்தவர் ஒவ்வொருவரும் மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார், இல்லையென்றால் செட்டாப் பெட்டி போய்விட்டது என்றார். அக்காவும் பெட்டியை மாற்றினாள். புதுப் பெட்டியிலும் அதே கதைதான். சென்ற மாதம் அங்கே தங்கியிருந்தபோது ரிமோட்டை வைத்துக்கொண்டு மெனுவின் அடிவரைக்கும் போனேன். இன்ஸ்டாலேஷன் என்ற இடத்தில் கடவு எண் கேட்டது. பல பெட்டிகளில் ஆலையிலிருந்து வரும்போதே 0000 தான் இருக்கும். அதைக் கொடுத்ததும் திறந்தது. உள்ளே ஒரு பக்கம். மேலே அலைவரிசையும், நொடிக்கு எத்தனை குறியீடு வருகிறது என்னும் சிம்பல் ரேட்டும். பிறகு ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள், அவற்றின் கீழே நொடிக்கு நொடி மாறும் இரண்டு எண்கள்: சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி டெசிபலில் ஒன்று, பிட் பிழை விகிதம் இன்னொன்று. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, படத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இடைவெளி 8 டெசிபலைத் தாண்டவில்லை. நான்கு பிட்டில் மூன்று தகவலுக்கு, ஒன்று பிழை திருத்தத்துக்கு என்ற 3/4 விகிதத்தில் வரும் டிவிபி-எஸ் (செயற்கைக்கோள் டிவிக்கான டிஜிட்டல் முறை) அலை ஒழுங்காகப் பிரிய ஏறத்தாழ 7 டெசிபல் வேண்டும். அதாவது அக்கா வீட்டு டிவி இத்தனை காலமும் ஒரே ஒரு டெசிபல் கையிருப்பில் ஓடியிருக்கிறது!

இலங்கை டிவி ரூபவாகினிக்காக நாம் கம்பம் நட்ட காலத்தை நினைத்துப் பார். நீ மேலே நின்று ஆன்டெனாவைத் திருப்புவாய், நான் கீழே திரையைப் பார்த்துக் கத்துவேன். ‘நிறுத்து, கண்டி வரைக்கும் போயிட்டே’ என்று வாத்தியார் சொன்னதை நீ இன்னும் மறந்திருக்க மாட்டாய். அன்று நமக்கு மீட்டர் தேவைப்படவில்லை, படமேதான் மீட்டர். புள்ளி கூடினால் சிக்னல் குறைகிறது, நிழல் விழுந்தால் அலை எங்கோ பட்டுத் திரும்பி வருகிறது என்று கண்ணே சொல்லிவிடும். டிஜிட்டலில் அது போயிற்று. 188 பைட் கொண்ட ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் 16 சரிபார்ப்பு பைட் சேர்ந்து வருகிறது. பொட்டலத்தில் 8 பைட் வரை கெட்டிருந்தாலும் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். 10,000 பிட்டுக்கு 2 பிட் தப்பாக இந்தக் கடைசித் திருத்தத்துக்கு வந்து சேர்ந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிழைகூடத் திரைக்கு வராது என்பதுதான் தரநிர்ணயம். அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலோ எல்லாம் ஒன்றாகச் சரிகிறது. கரை ததும்ப ஓடும் வாய்க்காலைத் தொலைவிலிருந்து பார்த்தால் உடைப்பு எடுக்கிற நிமிடம் வரை ஒன்றும் தெரியாது, இதுவும் அப்படித்தான். திருத்தம் எவ்வளவு நடக்கிறது என்பது பெட்டிக்குத் தெரியும், நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கைப் பணம் கொடுத்து வாங்கியவரின் கண்ணில் படாத இடத்தில் ஏன் வைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தபடியே மாடிக்குப் போனேன். அக்காவின் பேரன் திரையின் முன் நின்று எண்ணை வாசித்தான். டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் எல்.என்.பி.யில் ஒயர் சேரும் இடத்தில் ரப்பர் உறை வெடித்திருந்தது. கனெக்டரைக் கழற்றியதும் இரண்டு சொட்டு நீர் விழுந்தது. உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. வெள்ளையாக இருக்க வேண்டிய நுரைக் காப்பு ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறியிருந்தது. நல்ல ஒயர் தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு, புதிய கனெக்டர் போட்டு, டேப் சுற்றி, நீர் உள்ளே இறங்காமல் வடிவதற்காக ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்துக் கட்டினேன். பிறகு டிஷ். அக்கா வீட்டில் இருக்கும் தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷுக்கு உரிய ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. நம் பக்கத்திலிருந்து தென்கிழக்கே, தரையிலிருந்து ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில். 60 செ.மீ. டிஷ் ஒன்றரை டிகிரி விலகினாலே கிடைக்கும் ஆற்றல் பாதியாகிவிடும். நட்டைச் சற்றே தளர்த்தி மயிரிழை மயிரிழையாக நகர்த்த நகர்த்த, பையன் ஒன்பது, பத்து, பதினொன்று என்று கத்தினான். பன்னிரண்டரையில் இறுக்கினேன். தை கடைசி மழையில் அது ஒன்பதுக்கு இறங்கியிருக்கிறது, ஆனால் படம் அசையவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். புதுப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவது?

ஸ்ட்ரெங்த் பட்டையை மட்டும் நம்பாதே. வருகிற எல்லாவற்றையும், எல்.என்.பி.யின் சொந்த இரைச்சல் உட்பட, அது அளக்கிறது. டிஷ்ஷை ஆகாயத்தின் வேறு மூலைக்குத் திருப்பினாலும் பாதி நிரம்பித்தான் நிற்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. மார்ச் நடுவில் சில நாள்களும் செப்டம்பர் கடைசியில் சில நாள்களும், முற்பகல் 11 மணியை ஒட்டி, சூரியன் நேராக இந்தச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலும் சேர்ந்து டிஷ்ஷுக்குள் விழுவதால் அந்தச் சில நிமிடங்களில் ஸ்ட்ரெங்த் ஏறும், குவாலிட்டி இறங்கும். இரண்டும் எதிரெதிராக நகர்வதை ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தப் பட்டை எதைச் சொல்கிறது என்பது பிறகு மறக்காது.

டிவிகளிலும் இப்படிப்பட்ட பக்கங்கள் உண்டு. பழைய சாம்சங்கில் அணைத்து வைத்த நிலையில் மியூட், 1, 8, 2, பவர். சோனியில் டிஸ்ப்ளே, 5, வால்யூம் கூட்டும் பட்டன், பவர். ஆனால் கலியா, இவை பழுது பார்ப்பவர்களுக்கான பக்கங்கள். திரைப் பலகையின் அளவுகளும் அங்கேதான் இருக்கின்றன. உன் கையை நான் அறிவேன், எதையாவது திருகாமல் இருக்காது. பார், குறித்துக்கொள், ஒன்றையும் மாற்றாமல் வெளியே வந்துவிடு.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் புயல் எந்தக் கரையை நோக்கி வருகிறது என்று அக்கா மாதிரி ஆள்கள் டிவியில்தான் பார்க்கிறார்கள். மின்சாரம் போகும் முன், மழை தொடங்கிய அந்த முதல் சில மணி நேரம்தான் அவர்களுக்குச் செய்தி கிடைக்க வேண்டிய நேரம். சரியாக அந்த நேரத்தில் திரை கறுப்பாவது ஒரு கனெக்டரின் குறையால் என்றால், அதை வெயில் நாளிலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்றால், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆவணிக்குள் நம் தெருவில் உள்ள டிஷ் எல்லாவற்றையும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.

வடுவூர் மாமா வைத்திருப்பதும் உன் வீட்டில் இருப்பதும் ஒரே பெட்டி. அதில் மெனு வழியாக எனக்கு வழி கிடைக்கவில்லை. உன் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை இரண்டு தரம் அழுத்திப் பார். சில பெட்டிகளில் அப்படித் திறக்கும். திறந்தால் எண்களைக் குறித்து உடனே எழுது. மாமா அடுத்த வாரம் புதுப் பெட்டி வாங்கத் தஞ்சாவூர் போவதாக இருக்கிறார்.

அன்புடன்,
தட்சிணாமூர்த்தி