அம்மாவின் முழங்காலுக்காக ஓடித்திரிந்தவர்களுக்கு

திருகோணமலையில் எங்கள் அம்மாவின் முழங்கால் வீக்கத்தோடு எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் பிள்ளைகள் நாங்கள் எழுதும் நன்றி மடல் இது.

முதலில் எங்கள் ஒழுங்கை முனையில் பார்மசி வைத்திருக்கும் தம்பிக்கு. திரும்பத் திரும்ப நோக்குளிசை வாங்கப் போன அம்மாவிடம், "அன்ரி, சீனியும் பிரஷரும் இருக்கிற உங்களுக்கு இதை இப்படித் தொடர்ந்து தரமாட்டன். சிறுநீரகம் பழுதாப்போகும். இவ்வளவு நாளா வத்தாத வீக்கமெண்டால் டொக்டரிட்டக் காட்டவேணும்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார். வந்த வியாபாரத்தை வேண்டாமென்கிற கடைக்காரர் எத்தனை பேர்?

ஆஸ்பத்திரியில் பார்த்த எலும்பு டொக்டர் எங்களையும் பக்கத்தில் இருத்தி விளக்கினார். மூட்டுக்குள் சாதாரணமாகச் சில மில்லிலீற்றர் நீர்தான் இருக்கும். உள்ளே ஏதாவது உறுத்தினால் அது ஊறிப் பெருகும். ஊசியால் எடுத்த நீர் தெளிந்த மஞ்சளாக இருந்தது. கலங்கியிருந்தால் கிருமியோ யூரிக் அமிலப் படிகமோ என்று பார்க்கவேணும், இரத்தமாக வந்தால் சவ்வு கிழிந்தோ எலும்பு வெடித்தோ இருக்கலாம் என்றார். தெளிவாக இருந்தும் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி இல்லையென்று முடிவு வந்த பிறகே மூட்டுக்குள் ஸ்டீரோயிட் ஊசி போட்டார். அதன்பின் சில நாள் சீனி ஏறும், அளந்து பாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மூட்டுத் தேய்வு. காரணம் அப்படியே கிடந்தால் நீரை எத்தனை தரம் எடுத்தாலும் திரும்ப ஊறும் என்பதையும் மறைக்கவில்லை.

பிசியோ மிஸ்ஸுக்குத்தான் பெரிய நன்றி. முழங்காலில் நீர் தங்கினால் தொடைத்தசை சோர்ந்து மெலிந்துபோகுமாம். அதனால்தான் அம்மாவுக்குக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் கால் மடங்கியிருக்கிறது. படுத்தபடி காலை நீட்டித் தூக்கும் பயிற்சியை அலுக்காமல் சொல்லிக்கொடுத்தா. கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் சரிவரும் என்று அயலட்டையில் சொன்னதையும் அவவிடம் கேட்டோம். சிரித்துவிட்டு, வீங்கிச் சுடுகிற மூட்டுக்குச் சூடு வேண்டாம், ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள் என்றா. (கன்னியாவுக்குப் போகிற ஆசை அம்மாவுக்கு இன்னும் போகவில்லை.)

தாதி ஒருவர் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்ததை மற்றவர்களுக்கும் உதவுமென்று இங்கே தருகிறோம். மூட்டு சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே வரவேணும். கிருமியென்றால் மூட்டையே கெடுத்துவிடும். விழுந்து சில மணித்தியாலத்துக்குள் வீங்கினாலும், காலை ஊன்ற முடியாமல் போனாலும் அன்றைக்கே வரவேணும். கெண்டைக்கால் வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், மூச்சும் வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

ஓட்டோ அண்ணாவுக்கும் நன்றி. அம்மா காலை நீட்டி இருக்கவென்று தலையணையும் கொண்டுவந்தவர், கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த கிளினிக்குக்கும் காசு வாங்காவிட்டால் வேறு ஓட்டோ பிடிப்பாவாம், அம்மா எழுதச் சொன்னா.