மெக்ஸிகோவில் ஒரு படைப்பு

மெக்ஸிகோ சிட்டி
அக்டோபர் 14

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நலம். அங்கே அப்பச்சியும் அப்பத்தாவும் நலந்தானே? இங்கே மழை ஓய்கிற சமயம். கடைத்தெருவில் செண்டுமல்லி வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்துப் படைக்கிற திருநாள் வருகிறது. நவம்பர் 1 இறந்த பிள்ளைகளுக்கு, 2 இறந்த பெரியவர்களுக்கு. நம் வீட்டில் முன்னோருக்குச் செய்கிற படைப்பு மாதிரிதான் என்று வையுங்களேன். பேழைப் பெட்டியும் புதுச்சேலையும்தான் கிடையாது.

செண்டுமல்லிக்கு இந்த நாடுதான் பிறந்த வீடு. நாம் சாமிக்கு மாலை கட்டுவது இங்கிருந்து போன பூவைத்தான். இதழை உதிர்த்துத் தெருவாசலிலிருந்து படைக்கிற இடம் வரை பாதை போடுவார்கள். வாசனை பிடித்து இறந்தவர் வழிதப்பாமல் வருவாராம். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் உருவ வேண்டும். ஈரத்தோடு போட்டால் மறுநாளே கறுத்து நாறும், தரையில் மஞ்சள் கறையும் ஏறும். நம் வீட்டு ஆத்தங்குடிக் கல்லில் யாராவது இப்படிச் செய்ய நீங்கள் விடுவீர்களா!

படைக்கிற இடத்தில் படி இரண்டோ மூன்றோ ஏழோ, வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். மேஜைமேல் பெட்டி அடுக்கித் துணி விரித்தால் போதும். உச்சியில் படம், அதற்குக் கீழே, நடந்து வந்த களைப்பு தீர ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு தட்டு உப்பு, மெழுகுவர்த்தி, அவருக்குப் பிடித்த சாப்பாடு. வண்ணக் காகிதத் தோரணமும் தொங்கும். அதுதான் வம்பு. மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையோடு வாங்கி, காகிதத்துக்கு ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும். சாம்பிராணிக்குப் பதில் கோபால் என்ற பிசின். கரி சாம்பல் பூத்த பிறகு பட்டாணியளவு போடணும். அள்ளிப் போட்டால் உருகிக் கரியையே அணைத்துவிடும்.

இந்த நாளுக்கென்றே ஒரு ரொட்டி. அரைக் கிலோ மைதாவுக்கு 4 முட்டை, 125 கிராம் வெண்ணெய், அதே அளவு சீனி, ஈஸ்ட், ஆரஞ்சுத் தோல் துருவல். மேலே எலும்புபோல் உருட்டி ஒட்டுவார்கள். முட்டை தடவி ஒட்டாவிட்டால் மாவு பொங்கும்போது எலும்பு நழுவிவிடும். ஊர் 2,240 மீட்டர் உயரம், மாவு சீக்கிரமே பொங்கும். அரிசி நேர்மாறு. தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் கவுனி அரிசி லேசில் வேகாது.

மறைந்த ஐயாவுக்கு நானும் இப்படிப் படைக்கலாமென்று இருக்கிறேன். அதற்கு ஒன்று கேட்கணும். உயிரோடிருப்பவர் உள்ள படத்தை இங்கே படியில் வைக்கமாட்டார்கள். என்னிடம் உள்ள ஒரே படத்தில் ஐயா பக்கத்தில் அப்பத்தா உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டாலைக் கூடத்தில் மாட்டியிருக்கிற ஐயாவின் தனிப் படத்தை, கண்ணாடி பளபளக்காமல் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாத முடிவுக்குள் வந்தால் போதும்.

அன்பு மகள்